கவலை ஏற்றத்தின் விசையியல்: பகுமுறையும் எண்முறையும்

1. முன்னுரை

பொறியியல் விசையியலில் எழும் வினாக்களுக்கு விடை காணும் நெறிகள் இரண்டு. பொருளின் இயக்கத்தைச் சமன்பாடாக வகுத்து, அதனை எழுத்துக் கணக்கால் தீர்த்து, எல்லா அளவுகளுக்கும் பொருந்தும் பொது வாய்பாடு ஒன்றினைப் பெறுதல் ஒரு நெறி. இதனைப் பகுமுறை என்பர். அச்சமன்பாட்டையே சிறு சிறு படிகளாகப் பிரித்துக்கொண்டு, கொடுக்கப்பட்ட அளவுகளுக்கு மட்டும் பெருக்கியும் கூட்டியும் விடையை அணுகுதல் மற்றொரு நெறி. இஃது எண்முறை எனப்படும்.

கணிப்பொறி வந்தபின் எண்முறை மிக எளிதாயிற்று. பல்லாயிரம் படிகளை அது இமைப்பொழுதில் முடித்துவிடுகின்றது. ஆகவே பகுமுறைப் பயிற்சி இனி வேண்டுவதில்லை என்னும் எண்ணம் மாணாக்கர் சிலரிடையே தோன்றக் கூடும். பாலமும் அணையும் எந்திரமும் அமைக்கும் தொழிலில் அவ்வெண்ணம் தீங்கு பயப்பதாகும். அதனைக் கொங்கு நாட்டு உழவர் நெடுங்காலம் கையாண்ட கருவியொன்றைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

2. கருவியும் அதன் உறுப்புகளும்

கொங்கு நாடு மழை குறைந்த நாடு. ஈண்டுக் கிணற்றுப் பாசனம் பெற்ற நிலத்தைத் தோட்டம் என்றும், மழையை நம்பிய நிலத்தைக் காடு என்றும் மக்கள் வேறுபடுத்தி வழங்குவர். தோட்டத்தின் உயிர் கிணறு; அக்கிணற்று நீரை மேலேற்றிய கருவி கவலை. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் இது கமலை என்றும் கபிலை என்றும் வழங்கும்.

கவலையின் உறுப்புகள் சிலவே. நீர் முகக்கும் கலம் சால். அதன் அடியில் தும்பிக்கை போன்ற தோற்குழாய் ஒன்று பொருந்தியிருக்கும். சாலை இழுக்கும் பெருங்கயிறு வடம். தோற்குழாயின் வாயைப் பற்றியிருக்கும் சிறு கயிறு வால்கயிறு. வடம் கிணற்றின் விளிம்புக்கு மேலுள்ள உருளை மீது சென்று எருதுகளின் நுகத்தை அடையும். எருதுகள் நடக்கும் பாதை சமதளம் அன்று. கிணற்றிலிருந்து விலக விலகத் தாழும் சரிவு. இதனை வாரி என்பர். சரிவில் எருதுகள் இறங்கும்பொழுது சால் மேலேறும். விளிம்பை அடைந்ததும் வால்கயிற்றால் தோற்குழாய் தொட்டியை நோக்கி நீள, நீர் தானே வெளிப்படும். பின்னர் எருதுகள் சரிவில் மீண்டும் மேலேறும். வெறுஞ்சால் கிணற்றினுள் இறங்கும்.

இக்கருவியில் விசையியலார் முதற்கண் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. வாரி ஏன் சரிவாக அமைதல் வேண்டும்? எவ்வளவு சரிவு தக்கது?

3. சரிவின் பயன்

எடுத்துக்காட்டிற்காகச் சில அளவுகளைக் கொள்வோம். நீர் நிறைந்த சாலின் எடை 160 கிலோகிராம். வெறுஞ்சாலின் எடை 20 கிலோகிராம். இரண்டு எருதுகளின் எடை 700 கிலோகிராம். கிணற்றின் ஆழம் 12 மீட்டர். எருது தன் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விசையுடன் நெடுநேரம் இழுக்க வல்லது என்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவு. ஆகவே இவ்விரு எருதுகளின் தளரா இழுவிசை 70 கிலோகிராம். வடத்தின் எடையையும் உராய்வையும் இப்போதைக்கு விட்டுவிடுவோம்.

வாரி சமதளமாக இருப்பின், சால் ஏறும்பொழுது எருதுகள் 160 கிலோகிராம் விசையுடன் இழுத்தல் வேண்டும். இது அவற்றின் தளரா விசையினும் இரு மடங்கிற்கு மேற்பட்டது. மீளும்பொழுதோ அவற்றிற்கு வேலையே இல்லை. சுமை முழுவதும் ஒரு பாதியில் விழுகின்றது.

வாரியைச் சரிவாக்கினால் எருதுகளின் எடையில் ஒரு கூறு இழுவையோடு சேரும். அக்கூறு, எடையைச் சரிவெண்ணால் பெருக்க வருவது. ஒரு மீட்டர் நடந்தால் எத்தனை மீட்டர் தாழ்கின்றதோ அதுவே சரிவெண். இறங்கும்பொழுது எருதுகள் தம் முயற்சியால் தர வேண்டிய விசை 160-இலிருந்து அக்கூறு கழிந்தது. ஏறும்பொழுது தர வேண்டியது அக்கூற்றிலிருந்து வெறுஞ்சாலின் 20 கழிந்தது. இவ்விரண்டும் சமமாக இருத்தல் நன்று எனக் கொண்டால், அக்கூறு 160, 20 ஆகியவற்றின் சராசரியாகிய 90 கிலோகிராமாதல் வேண்டும். 90-ஐ 700-ஆல் வகுக்கச் சரிவெண் 0.1286 எனக் கிடைக்கும். அஃதாவது, ஏறத்தாழ 7.8 மீட்டர் நடக்க ஒரு மீட்டர் தாழ்வு. அந்நிலையில் இறங்கும்பொழுதும் ஏறும்பொழுதும் வேண்டப்படும் முயற்சி 70 கிலோகிராமே. எருதுகளின் தளரா விசையும் அதுவே.

சரிவு வேலையைக் குறைப்பதன்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 140 கிலோகிராம் நீரை 12 மீட்டர் உயர்த்தும் வேலை 1680 கிலோகிராம்-மீட்டர். சரிவில் எருதுகள் இறங்கும்பொழுது செய்வது 840. ஏறும்பொழுது செய்வது 840. கூட்டுத்தொகை அதே 1680. சரிவு வேலையைப் பகிர்ந்தளிக்கின்றதேயன்றிக் குறைக்கவில்லை. சரிவெண்ணை 0.2286 ஆக்கினால் எருதுகள் முயற்சியின்றியே இறங்கும். ஆனால் ஏறும்பொழுது 140 கிலோகிராம் முயற்சி வேண்டும். மிகுந்த சரிவும் சரிவின்மையும் ஒரே வகையான குறைகளே.

கவலை ஓட்டுவோர் இறங்கும்பொழுது வடத்தின் மேல் அமர்ந்து செல்லும் வழக்கத்தையும் இதே கணக்கு விளக்கும். 60 கிலோகிராம் எடையுள்ளவர் அமர்ந்தால் ஏறத்தாழ 7.7 கிலோகிராம் இழுவை கூடுகின்றது. மீளும்பொழுது அவர் தம் காலாலேயே மேலேறுகின்றார். ஆதலின் எருதுகளின் வேலையில் ஒரு சிறு பங்கை அவர் தம் உடலால் செய்கின்றார். பார்ப்பவர்க்கு ஓய்வாகத் தோன்றுவது உண்மையில் உழைப்பே.

இவை யாவும் பகுமுறை தந்த விடைகள். எந்த எடைக்கும் எந்த ஆழத்திற்கும் இவற்றின் வடிவம் மாறாது. சரிவெண் என்பது நிறைசால், வெறுஞ்சால் எடைகளின் சராசரியை எருதுகளின் எடையால் வகுக்க வருவது என்னும் ஒரு வரியில் முழுக் கருவியின் அமைப்பும் அடங்கிவிடுகின்றது.

4. விட்டவற்றைச் சேர்த்தல்

முன்னர் விட்டுவிட்ட வடத்தின் எடையை இனிச் சேர்ப்போம். மீட்டருக்கு ஒரு கிலோகிராம் எனின், தொடக்கத்தில் 12 கிலோகிராம் வடம் கிணற்றினுள் தொங்கும்; முடிவில் அது வாரியின் மேல் கிடக்கும். முன்னைய முறைப்படி கணித்தால் தக்க சரிவெண் கிணற்றருகே 0.146 ஆகவும், வாரியின் கடைசியில் 0.126 ஆகவும் அமையும். ஆகவே தக்க வாரி நேர்கோடு அன்று. கிணற்றருகே சற்றுச் செங்குத்தாகத் தொடங்கிப் போகப் போகச் சாய்வு குறையும் வளைகோடு.

அடுத்தது உராய்வு. உருளை நன்கு சுழன்றால் இழப்பு சிறிது. அச்சு இறுகி உருளை சுழலாது நின்றுவிட்டால் வடம் அதன் மேல் வழுக்கிச் செல்ல வேண்டும். அப்போது இழுவை எத்தனை மடங்காகும் என்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டுக் கணித மேதை ஆயிலர் (1707–1783) வாய்பாடு வகுத்துள்ளார். 2.718 என்னும் மாறிலியை, உராய்வெண்ணும் வடம் சுற்றும் கோணமும் பெருக்கிய எண்ணின் அடுக்கிற்கு உயர்த்தினால் அம்மடங்கு கிடைக்கும். வடம் செங்குத்தாக எழுந்து சரிவின் வழியே இறங்குவதால் கோணம் ஏறத்தாழ 97 பாகை, அஃதாவது 1.70 ரேடியன். உராய்வெண் 0.3 எனின் மடங்கு 1.66. எனவே 160 கிலோகிராம் சுமை 266 கிலோகிராமாக மாறிவிடும். சரிவின் உதவி போக எருதுகள் தர வேண்டியது 176 கிலோகிராம். அச்சுக்கு எண்ணெயிட மறந்தால் எருதுகள் படும் துன்பத்தின் அளவு இது.

5. இயக்கத்தின் கணக்கு

இதுகாறும் கண்டது சமநிலை. எருதுகள் நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு வேகம் கொள்ளும் முறையை இனிக் காண்போம். வேகம் மிகுந்தால் இழுவை குறையும் என்பது இயல்பு. நிற்கும்பொழுது 140 கிலோகிராம் எனவும், வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் சுழி எனவும், இடையில் ஒரு சீராகக் குறைவது எனவும் கொள்வோம். இதன்படி வினாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் இழுவை 70 கிலோகிராம். சுமையோடு சமமாவதும் அவ்வேகத்திலேயே. அப்போது எருதுகளின் திறன் வினாடிக்கு 70 கிலோகிராம்-மீட்டர். இஃது ஏறத்தாழ ஒரு குதிரைத்திறன்.

இயங்கும் பொருண்மை எருதுகளும் சாலும் சேர்ந்து 860 கிலோகிராம். நியூட்டன் விதிப்படி, வேகம் மாறும் வீதம் 0.8-ஐ, 1-இலிருந்து வேகம் கழிந்த எண்ணால் பெருக்க வருவது என முடியும். இச்சமன்பாட்டைப் பகுமுறையில் தீர்க்கலாம். வேகம் முதலில் விரைவாகவும் பின்னர் மெல்லவும் உயர்ந்து 1 மீட்டரை அணுகும். ஒரு வினாடி கழிந்தபின் அது 0.551 மீட்டர். இது துல்லிய விடை.

இனி அதனையே எண்முறையில் தீர்ப்போம். ஆயிலரே 1768-இல் வெளியிட்ட நூலில் இம்முறையை விளக்கியுள்ளார். ஒரு படியின் தொடக்கத்தில் உள்ள வீதம் அப்படி முடியும் வரை மாறாது எனக் கொண்டு வேகத்தைக் கூட்டிச் செல்லுதலே இதன் சாரம். அரை வினாடிப் படியெனில் முதற்படியில் வேகம் 0.4, இரண்டாம் படியில் 0.4-ஓடு 0.24 கூட 0.64. கால் வினாடிப் படியெனில் ஒரு வினாடி முடிவில் 0.590. வினாடியின் பத்தில் ஒரு பங்குப் படியெனில் 0.566. படி சிறுக்கச் சிறுக்க விடை 0.551-ஐ அணுகுகின்றது. படியின் நடுவிலுள்ள வீதத்தைக் கொண்டு கணிக்கும் திருத்தமுறையில், அரை வினாடிப் படியிலேயே 0.538 கிடைக்கும். இவ்வகைத் திருத்தங்களை 1895-இல் ருங்கேயும் 1901-இல் குட்டாவும் வளர்த்தனர்.

6. படியின் அளவு தரும் எச்சரிக்கை

கணிப்பவர் விரைவை விரும்பி, 2.5 வினாடியை ஒரு படியாகக் கொண்டார் என்க. முதற்படியில் வேகம் 2 மீட்டர். இரண்டாம் படியில் சுழி. மூன்றாம் படியில் மீண்டும் 2. எருதுகள் ஓடுவதும் நிற்பதுமாக என்றும் தடுமாறிக்கொண்டிருக்கும். படியை 3 வினாடியாக்கினால் முதலில் 2.4, பின்னர் சுழிக்கும் கீழே 0.96. நிறைசாலை இழுக்கும் எருதுகள் பின்னோக்கி ஓடுகின்றன என்பது இதன் பொருள். படிதோறும் பிழை பெருகிக்கொண்டே செல்லும்.

இங்குக் கூட்டலில் பிழை இல்லை. பெருக்கலில் பிழை இல்லை. கணிப்பொறி தனக்கு இட்ட பணியைச் செவ்வனே செய்துள்ளது. ஆயினும் விடை பொய். எருதை அறிந்தவர் இப்பொய்யை உடனே காண்பர். ஆனால் அணைச்சுவரினுள் பரவும் தகைவையோ, சுழலியின் தண்டில் எழும் அதிர்வையோ கண்ணால் கண்டவர் யார்? ஆங்குக் காவலாக நிற்பது பகுமுறை ஒன்றே. துல்லிய விடை தெரிந்த எளிய சிக்கல் ஒன்றை முதலில் கணிப்பொறிக்குக் கொடுத்து, அது தரும் விடையை ஒப்பிட்டு, படியைப் பாதியாக்கியும் விடை மாறாமை கண்டு, அதன்பின்னரே அரிய சிக்கலை அதனிடம் ஒப்படைத்தல் முறை.

இதனால் எண்முறை தாழ்ந்தது என்பது கருத்தன்று. சாலிலிருந்து நீர் ஒழுகுதல், நீர்மட்டத்திலிருந்து சால் மெல்ல எழும்பொழுது சுமை கூடுதல், வாரியின் வளைவு, வடத்தின் நீட்சி ஆகியவற்றையெல்லாம் ஒருங்கே சேர்த்தால் பகுமுறை கைவிட்டுவிடும். அவற்றைத் தாங்க வல்லது எண்முறையே. ஒன்று காரணத்தைக் காட்டும். மற்றொன்று அளவைக் காட்டும்.

7. கவலையும் பம்பும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரடு சாட்டர்டன் சென்னை மாநிலத்தின் கிணற்று நீரிறைப்பை ஆராய்ந்து, எண்ணெய் எஞ்சின் பம்புகளைப் பரப்ப முயன்றார். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. அதன்பின் கோவை வட்டாரத் தோட்டங்களில் மின்பம்பு பரவியது. கவலை படிப்படியாக மறைந்தது. பம்பும் மோட்டாரும் செய்யும் தொழில் கோவையின் தனித்தொழிலாக வளர்ந்தது. 1945-இல் ஆர்தர் ஹோப் தொழில்நுட்பக் கல்லூரியும் (இன்றைய அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி), 1951-இல் பூ. சா. கோ. தொழில்நுட்பக் கல்லூரியும், 1956-இல் கோவை தொழில்நுட்பக் கல்லூரியும் தோன்றின.

கருவி மாறினும் கணக்கின் வடிவம் மாறவில்லை. வேகம் மிக எருதின் இழுவை குறைவது போலவே, நீரோட்டம் மிகப் பம்பு உயர்த்தும் உயரம் குறையும். குழாயோ, நீரோட்டம் மிக மிக, மிகுந்த உயரத்தை வேண்டும். இரு கோடுகளும் வெட்டும் இடமே பம்பு இயங்கும் நிலை. குழாயின் உராய்வெண்ணுக்குக் கோல்புரூக் 1939-இல் வெளியிட்ட வாய்பாட்டில் காண வேண்டிய எண் சமன்குறியின் இருபுறமும் நிற்கும். அதனை நேரே பிரித்தெடுத்தல் இயலாது. ஓர் எண்ணை ஊகித்து, அதனை வாய்பாட்டிலிட்டு, வந்த விடையை மீண்டும் இட்டு, மாறாநிலை எய்தும் வரை கணித்தல் வேண்டும். பகுமுறை நின்ற இடத்தில் எண்முறை தொடங்குகின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு கருத்துகள் பெறப்படும். முதலாவது, எண்முறையும் பகுமுறையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. பகுமுறையால் சோதிக்கப்படாத எண் நம்பத்தக்கதன்று. இரண்டாவது, எதனைக் கணக்கில் கொள்வது, எதனை விடுவது என்னும் தெளிவு இரு முறைகளுக்கும் முற்பட்டது. அத்தெளிவு கருவியை நேரே அறிந்தவர்க்கே வாய்க்கும்.

நாம் மேலே கொண்ட அளவுகள் எடுத்துக்காட்டிற்குரியவை. உழவர் அமைத்த வாரிகளின் உண்மைச் சரிவு என்ன, அது கிணற்றின் ஆழத்திற்கும் எருதின் இனத்திற்கும் ஏற்ப மாறியதா, வளைவாக அமைந்ததா என்பன அளந்து அறிய வேண்டியவை. தூர்ந்து போகாமல் எங்கேனும் எஞ்சியுள்ள வாரிகளைப் பொறியியல் மாணாக்கர் அளப்பாராக. கவலை ஓட்டிய முதியோரிடம் உறுப்புகளின் பெயர்களையும் பழக்கங்களையும் தமிழ் மாணாக்கர் கேட்டுப் பதிவு செய்வாராக. ஒருவர் அளவையும் மற்றவர் சொல்லையும் கொணர்ந்தாலன்றி இவ்வாராய்ச்சி நிறைவு பெறாது. அச்சொற்களை அறிந்தோர் ஆண்டுதோறும் குறைந்து வருதலின், இப்பணி காலந்தாழ்த்தத் தக்கதன்று.