வாங்கத் தெரிந்தவர்

கம்ப்யூட்டர் கம்பெனிகளில் புகழெல்லாம் புதிதாகக் கண்டுபிடிப்பவருக்கும் மேடையேறி விற்பவருக்கும்தான். உதிரிபாகங்களை யாரிடம், எப்போது, என்ன விலைக்கு வாங்குவது என்று மல்லுக்கட்டும் கொள்முதல் அதிகாரியை யாரும் கண்டுகொள்வதில்லை. டிம் குக் அந்த வர்க்கத்தைச் சேர்ந்தவர்.

ஐபிஎம்மில் 12 ஆண்டுகள், கடைசியாக காம்பாக்கில் சில மாதங்கள். 1998-ல் ஆப்பிளில் சேர்ந்தபோது அங்கே சரக்கு தேங்கிக் கிடந்தது. கம்ப்யூட்டர் பாகமும் கத்திரிக்காய் மாதிரிதான், வைத்திருந்தால் விலை வாடிவிடும். குக் முக்கிய சப்ளையர்களை 100-லிருந்து 24 ஆகக் குறைத்தார். 19 கிடங்குகளில் 10-ஐ இழுத்து மூடினார். 1997 நிதியாண்டின் முடிவில் 43.7 கோடி டாலராக இருந்த சரக்கிருப்பு மறு ஆண்டே 7.8 கோடியாகச் சுருங்கியது.

2005 நவம்பரில் இன்னொரு காய் நகர்த்தல். சாம்சங், தோஷிபா, இன்டெல் உள்ளிட்ட ஐந்து கம்பெனிகளுக்கு ஃபிளாஷ் மெமரிக்காக 125 கோடி டாலர் முன்பணம் தருவதாக ஆப்பிள் அறிவித்தது. 2010 வரை சப்ளைக்குக் கவலையில்லை. தட்டுப்பாடு வந்தால் தவிப்பது அடுத்தவர்கள். 2011-ல் குக் தலைமை நிர்வாகியானார்.

ஆனால் சப்ளையரை மேய்ப்பது விலையோடு முடியும் வேலையா? 2021 டிசம்பரில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர்கள் 150-க்கும் மேற்பட்டோர் விடுதிச் சாப்பாட்டால் நோயுற்றனர். சக தொழிலாளர்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். சில விடுதிகளும் சாப்பாட்டுக்கூடங்களும் தன் விதிகளின்படி இல்லை என்று ஒப்புக்கொண்ட ஆப்பிள், ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. மூன்று வாரத்துக்கு மேல் மூடிக்கிடந்த ஆலை, 2022 ஜனவரி 12 அன்று குறைந்த ஆட்களோடு திறந்தது.