டர்போ யந்திரமும் வெற்றிடக் குழாய்களும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கம்போளத்தில் விடியுமுன் சென்று நின்றால், களியக்காவிளை வழியாக வந்து சேரும் சிறிய டீசல் வண்டிகளின் வரிசையைக் காணலாம். தோவாளைப் பூவும் குமரி மாவட்டத்துக் காய்கறியும் அவற்றில் வருகின்றன. அவற்றை ஓட்டுவோரும் பழுது பார்ப்போருமாக நம்மவர் பலர் அந்நகரில் பிழைக்கின்றனர். வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போயிற்று. ஆகவே, வண்டியின் வலிமை திடீரெனக் குறைந்துவிடும் ஒரு கோளாற்றைப் பற்றியும், அதற்குப் பெரும்பாலும் காரணமாய் இருக்கும் சிறு குழாய்களைப் பற்றியும் நேயர்களுடன் பேசலாம் என்று கருதுகிறோம்.

நோயின் குறி எளிதானது. சமதரையில் ஓடும் வண்டி மேட்டில் ஏற மறுக்கும், கரும்புகை தள்ளும், சில வண்டிகளில் எச்சரிக்கை விளக்கும் எரியும். உடையவர் முதலில் டீசலைக் குறை சொல்வார். பிறகு வடிகட்டியை மாற்றுவார். கடைசியில், டர்போ போய்விட்டது என்று யாரோ சொல்ல, பெருந்தொகை செலவழித்துப் புதிய டர்போவே வாங்கிப் பொருத்துவார். நோயோ தீராது. கரமனைப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் நாம் பார்த்த வண்டியின் கதை இதுவே. சாண் நீளமுள்ள ரப்பர்க் குழாய் ஒன்றின் அடிப்புறம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், வெந்து வெடித்திருந்தது. கழற்றி வைத்திருந்த பழைய டர்போவில் யாதொரு குறையும் இல்லை.

பழைய டீசல் யந்திரங்களில் இத்தொல்லை கிடையாது. 1938 பிப்ரவரி 20 அன்று சித்திரைத் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் அரசின் பஸ் போக்குவரத்தைத் தொடங்கி வைத்தார். அதற்காக இங்கிலாந்திலிருந்து பெர்க்கின்ஸ் டீசல் யந்திரம் பூட்டிய காமர் அடிச்சட்டங்கள் தருவிக்கப்பட்டன. லண்டன் நகரப் போக்குவரத்தில் பழகிய சால்ட்டர் என்பவர் பொறுப்பேற்று அவற்றை உருவாக்கி ஓட்டினார். அந்த யந்திரங்கள் தாமாகவே காற்றை உறிஞ்சிக் கொண்டன; டீசல் பம்பும் ஊசித் துளைகளுமே அவற்றின் நுட்பம். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்பிரட் பூக்கி, வெளியேறும் புகையைக் கொண்டே காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் உபாயத்திற்கு 1905 ஆம் ஆண்டிலேயே உரிமை கோரியிருந்தார் என்பது உண்மையே. எனினும் அது நம் நாட்டுச் சிறு வண்டிகளுக்கு வந்து சேர வெகு காலம் சென்றது.

டர்போ என்பது ஓர் அச்சின் இரு முனைகளில் பொருத்திய இரண்டு சிறு சக்கரங்கள். எரிந்து வெளியேறும் வெப்பப் புகை ஒன்றைச் சுழற்றுகிறது. மற்றது காற்றை அழுத்திச் சிலிண்டருக்குள் செலுத்துகிறது. சுழற்சியோ நிமிடத்திற்கு ஓர் இலட்சத்திற்கும் மேல். இத்தனை வேகத்தை அடக்கி ஆளாவிட்டால் காற்றழுத்தம் மிஞ்சி யந்திரமே உடையும். அந்த அடக்குமுறைக்குத்தான் குழாய்களும் சோலினாய்டுகளும் வேண்டியிருக்கின்றன.

பெட்ரோல் யந்திரத்தில் காற்று நுழையும் வழியைக் கதவு ஒன்று மறிப்பதால் அதன் பின்னால் தானாகவே ஒரு வெற்றிடம் உண்டாகிறது. டீசலில் அத்தகைய வெற்றிடம் போதிய அளவில் இல்லை. ஆதலால் யந்திரத்தோடு சேர்ந்து சுழலும் ஒரு வாக்கம் பம்பு அதை உண்டாக்குகிறது. நல்ல பம்பாயின் அளவுமானியில் பெரும்பாலும் 600 முதல் 700 மில்லிமீட்டர் பாதரச அளவு காட்டும். இந்த ஒரே பம்பு இரண்டு வேலைகளைச் செய்கிறது என்பதை நேயர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். டர்போவை ஆள்வது ஒன்று. பிரேக் மிதியை நாம் மெல்ல அழுத்தினாலும் சக்கரத்தைப் பலமாகப் பிடிக்கச் செய்யும் பூஸ்டருக்கு வலுவூட்டுவது மற்றொன்று. (பெரிய பஸ்களிலும் லாரிகளிலும் இருப்பது அழுத்தக் காற்றுப் பிரேக், அதன் கதை வேறு.)

பூஸ்டரின் வாயில் ஒரு தடை வால்வு உண்டு. ஆகையால் டர்போக் குழாய் ஒன்று கிழிந்த உடனே பிரேக் போய்விடாது. சேமித்து வைத்த வெற்றிடத்தைக் கொண்டு ஓரிரு முறை நன்றாகவே பிடிக்கும். ஆனால் பொன்முடிச் சாலையின் 22 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அடிக்கடி மிதிக்க நேரும். ஒழுகும் குழாயோடு போராடும் பம்பு, செலவான வெற்றிடத்தை உரிய நேரத்தில் நிரப்ப இயலாமற் போகலாம். அப்பொழுது மிதி கல்லாக இறுகிவிடும். வண்டி ஏற மறுத்தால் நஷ்டம் பணத்தோடு போகும். இறக்கத்தில் நிற்க மறுத்தால் அவ்வாறு அன்று. சாண் அளவுக் குழாயைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுவதற்கு இதுவே காரணம்.

சோலினாய்டு என்பது செப்புக் கம்பிச் சுருளும், அதன் நடுவே ஏறி இறங்கும் சிறு இரும்புத் தண்டும். அதற்கு மூன்று வாய்கள். ஒன்று பம்பிலிருந்து வெற்றிடத்தைப் பெறும். ஒன்று டர்போவின் கைநெம்பை இயக்கும் டப்பாவுக்குச் செல்லும். மூன்றாவது, சிறு வடிகட்டியின் வழியே வெளிக்காற்றை உள்ளே விடும். வண்டியின் கணிப்பொறி நொடிக்குப் பல தடவை மின்சாரத்தை விட்டு விட்டுக் கொடுத்து, எவ்வளவு வெற்றிடம் டப்பாவுக்குப் போக வேண்டும் என்று நிர்ணயிக்கிறது. அந்த மூன்றாவது வாயின் வடிகட்டி தூசியால் அடைபட்டாலும் கோளாறுதான். பலர் அதை நினைப்பதே இல்லை.

இங்கே ஒரு விசித்திரம் உண்டு. இதழ்கள் திறந்து மூடும் டர்போவில் பொதுவாக வெற்றிடம் வந்தால்தான் இதழ்கள் குறுகிக் காற்றழுத்தம் ஏறும். குழாய் கிழிந்தால் வண்டி சோர்ந்துவிடும். புறவழிக் கதவு கொண்ட எளிய டர்போக்கள் பலவற்றில் நிலைமை நேர்மாறு. அங்கே அழுத்தக் காற்றே குழாய் வழியாக வந்து கதவைத் திறக்கிறது. குழாய் கிழிந்தால் கதவு திறக்காது, அழுத்தம் வரம்பு மீறும். அதே கிழிசல் ஒரு வண்டியைத் தூங்க வைக்கிறது, மற்றொன்றை வெறி கொள்ளச் செய்கிறது. உமது வண்டியில் இருப்பது எது என்று அறியாமல் குழாயில் கைவைக்கலாகாது.

இனி, இவை ஏன் கெடுகின்றன? டர்போவுக்குள் நுழையும் புகையின் வெப்பம் பாரம் இழுக்கையில் 700 டிகிரிக்கும் மேற்செல்லும். அருகிலிருக்கும் ரப்பர் வெந்து இறுகுகிறது. திருவனந்தபுரத்தில் தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் ஆக ஆண்டின் பாதிக்கு மேல் ஈரம். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து மின்முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கச் செய்கிறது. செப்புக் கம்பியின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் ஏறும். சோலினாய்டு 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குச் சூடேறினால் அதில் ஓடும் மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். காலையில் ஒழுங்காக ஓடிய வண்டி மத்தியானத்தில் முரண்டு பிடிப்பதன் மர்மம் சில வேளைகளில் இதுதான்.

ஆகவே சோலினாய்டைச் சூட்டிலிருந்து விலக்கி வைப்பது நியாயமான யோசனையே. ஆனால் அதற்கும் முறை உண்டு. யந்திரத்தின் மீது வைத்தால் அதிர்வு அதைத் தின்றுவிடும். உடற்சட்டத்தின் பக்கச் சுவரில் வைப்பதே நன்று. காற்று வாய் கீழ்நோக்கி இருக்க வேண்டும். ஆயினும் மழைத்தண்ணீர் தெறிக்கும் சக்கர வளைவின் ஓரம் கூடாது. வெகு தூரம் கொண்டுபோகவும் கூடாது. குழாய் நீள நீள அதை வெறுமையாக்க நேரம் பிடிக்கும். மிதியை அழுத்தியதற்கும் வண்டி பாய்வதற்கும் இடையே தயக்கம் தோன்றும். ஒரு முழத்திற்கு மேல் கூட்ட வேண்டிய அவசியம் இருந்தால், இடத்தை மாற்றுவதைக் கைவிட்டு நடுவே ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைப்பதையே நாம் சிபாரிசு செய்வோம். கடைகளில் பளபளவென்று நீலத்திலும் சிவப்பிலும் விற்கும் சிலிக்கான் குழாய் சூட்டைத் தாங்கும், மறுக்கவில்லை. ஆனால் அது எண்ணெய்க்கு ஆகாது. பம்பிலிருந்து வரும் குழாயிலோ எண்ணெய்ப் பசை இருக்கும். மெல்லிய சுவருள்ளதாயின் வெற்றிடத்தில் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். தடித்த சுவருள்ள, தயாரிப்பாளர் குறித்த வகையே உத்தமம்.

குழாய்களைக் குறைத்து எளிமையாக்கும் ஆசை உலகெங்கும் உண்டு. 1991 இல் ஜப்பானில் வெளிவந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரில் இரண்டு டர்போக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வேலை செய்தன. அவற்றை ஆளும் சோலினாய்டுகளும் குழாய்களும் பின்னிக் கிடந்த கோலத்தைக் கண்டு மேல்நாட்டார் அதற்கு எலிக்கூடு என்றே பெயர் வைத்தனர். அதைக் கலைத்து ஒழுங்கு செய்வது அங்கே ஒரு கலையாகவே வளர்ந்தது. நம் வண்டிகளில் அவ்வளவு சிக்கல் இல்லை. நாலு துண்டுகளை ஒட்டுப்போட்ட இடத்தில் ஒரே குழாயை இடுவது, பழுதடைந்த பிளாஸ்டிக் முனைகளை மாற்றுவது, ஒவ்வொன்றுக்கும் வர்ண நூல் கட்டி அடையாளமிடுவது, இவை போதும். கழற்றுமுன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுதல் பின்னால் பல மணி நேரத்தை மிச்சப்படுத்தும். தடை வால்வையோ வெற்றிடச் சேமிப்பு டப்பாவையோ வீண் என்று எண்ணித் தூக்கி எறிவது பேதைமை. புகையின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளனுப்பும் அமைப்பைத் துண்டிப்பது மாசுக் கட்டுப்பாட்டுச் சட்டத்திற்கும் விரோதம்.

கேரளத்தில் வண்டி மாற்றங்களைப் பற்றிய கண்டிப்பு அதிகம். 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அளித்த தீர்ப்பே கேரளத்து வழக்கொன்றில் எழுந்ததுதான். அவ்வாண்டின் திருத்தப்படி அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ நேரலாம். ஒரு குழாயைப் புதுப்பிப்பது பழுதுபார்ப்பே அன்றி மாற்றமாகாது. டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவது அப்படியன்று. தமிழ்நாட்டுப் பதிவெண்ணோடு பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் அங்கே வண்டியை வைத்திருப்பவர் மறுபதிவு செய்ய வேண்டும் என்பதையும் இவ்விடத்தில் நினைவூட்டுகிறோம். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பாரத் ஸ்டேஜ் ஆறு வண்டிகள் பலவற்றில் மின்மோட்டாரே டர்போவை இயக்குகிறது. அவற்றில் தேடினாலும் இக்குழாய் அகப்படாது.

கருவி ஏதும் இன்றி வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. சமதரையில் வண்டியை நிறுத்தி, கைப்பிரேக் இட்டு, யந்திரத்தை அணைத்துவிட்டு, பிரேக் மிதியை நாலைந்து முறை அழுத்த வேண்டும். மிதி இறுகிவிடும். காலை எடுக்காமல் யந்திரத்தைக் கிளப்பினால், மிதி சற்றே கீழே தாழ வேண்டும். தாழவில்லையானால் பூஸ்டருக்கு வெற்றிடம் போய்ச் சேரவில்லை. அன்று மலைப் பக்கம் போக வேண்டாம். தாழ்ந்தால், சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் பொறுத்து மறுபடி மிதித்துப் பார்க்கலாம். முதல் மிதியே கல்லாக இருந்தால் சேமிப்பு நிற்கவில்லை என்று பொருள். தடை வால்வையும் பூஸ்டரையும் பார்க்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து வண்டி மட்டும் சோர்ந்தால், பானெட்டைத் திறந்து, யந்திரம் ஆறியபின், டர்போவின் டப்பாவிலிருந்து தொடங்கி ஒவ்வொரு குழாயையும் விரலால் அடிப்புறம் தடவிக்கொண்டே போகலாம். வெடிப்பு பெரும்பாலும் முனையிலிருந்து அரை அங்குலத்திற்குள் இருக்கும். குழாயில் மிச்சம் இருந்தால் அந்த முனையை வெட்டிவிட்டு மறுபடி செருகிக்கொண்டு ஊர் போய்ச் சேரலாம். இல்லையேல் மாற்றுவதற்கென்று, சரியான உள்விட்டமுள்ள குழாய் ஒரு முழம் வண்டியிலேயே கிடக்கட்டும்.