கடிக்கிறதுக்கு முன்னாடி கிளி என்ன சொல்லுச்சு?

காலேஜ் முடிஞ்சு வீட்டுக்கு வர்றீங்க. பையை ஒரு மூலையில வீசிட்டு, நேரா கூண்டுகிட்ட போய் விரலை உள்ளே விடுறீங்க. நறுக்! ரத்தம் எட்டிப் பார்க்குது. ''திடீர்னு கடிச்சிருச்சுடா மச்சி''னு நண்பன்கிட்ட புலம்பல் வேற!

திடீர்னு எல்லாம் இல்லை பாஸ். கடிக்கிறதுக்கு முன்னாடியே அது சொல்லிடுச்சு. உங்களுக்குத்தான் அந்த பாஷை புரியலை.

நாம 'லவ் பேர்ட்ஸ்'னு ஜோடியா வாங்குறது பெரும்பாலும் பட்ஜெரிகர் என்கிற குட்டிக் கிளி. தலையில கொண்டை வச்சிருப்பது காக்டெயில். ரெண்டுக்குமே சொந்த ஊர் ஆஸ்திரேலியா. இவற்றை வளர்க்கலாம். ஆனா நம்ம ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது, 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஞாபகம் இருக்கட்டும்!

'கிட்ட வராதே!'

காக்டெயிலின் கொண்டைதான் அதோட மூட் மீட்டர். நெட்டுக்குத்தலா நின்னா, எதையோ பார்த்து உஷாராயிருக்கு. பயமாகவும் இருக்கலாம், ஆர்வமாகவும் இருக்கலாம். தலையோடு தலையா ஒட்டிப்போய், 'உஸ்ஸ்'னு சீறினா, கோபம் ப்ளஸ் பயம். கையை எடுத்துடுங்க.

வளர்ந்த பட்ஜெரிகரின் கண்மணியைச் சுத்தி வெள்ளை வளையம் தெரியும். நடுவில் இருக்கிற கறுப்பு சட்சட்னு சுருங்கி விரிஞ்சா, அது ஏதோ பரபரப்பில் இருக்குனு அர்த்தம். கூடவே கழுத்தை நீட்டி, அலகைத் திறந்துச்சுன்னா, அடுத்தது கடிதான்.

'ஐ ஆம் ஹேப்பி!'

ராத்திரி தூங்கப் போகும்முன் அலகை நறநறன்னு தேய்க்குதா? பதறாதீங்க, நிம்மதியா இருக்கு. ஒத்தைக் காலைத் தூக்கி வச்சுட்டு நிக்கிறதும், இறகை உப்பி ஒருதடவை உதறிக்கிறதும் அப்படித்தான். தலையைக் குனிஞ்சு பிடரி இறகைச் சிலிர்த்துக் காட்டினா, 'கொஞ்சம் சொறிஞ்சு விடேன்'னு அர்த்தம். தலை, கழுத்தோடு நிறுத்திக்கங்க. முதுகைத் தடவுறது, கிளி உலகத்துல ஜோடிக்கு மட்டுமே உள்ள உரிமை!

தலையை மேலும் கீழும் ஆட்டி, இரையைக் கக்கி உங்க கையில வைக்குதா? அருவருப்பா இருக்கும்தான். ஆனா ஜோடிக்கு ஊட்டுற மாதிரி உங்களுக்கும் ஊட்டுது. லவ்வோ லவ்வு!

இதுதான் முக்கியம்

உடம்பு சரியில்லைன்னா கிளி அதை வெளியே காட்டிக்காது. காட்டில் பலவீனமா தெரியுற பறவைதான் பருந்துக்கு முதல் குறி. அதனால் முடிஞ்சவரை மறைக்கும். மறைக்க முடியாத கட்டம் வரும்போது, நாம 'பாவம், தூங்குது'னு நினைச்சுட்டு போயிடுறோம்.

பகல் முழுக்க இறகை உப்பிட்டு உட்கார்ந்திருக்கிறது, கம்பை விட்டு இறங்கிக் கூண்டின் தரையில் ஒண்டிக்கிறது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் ஆடுறது... இதெல்லாம் தூக்கம் இல்லை, ஆபத்து. பட்ஜெரிகரின் எடையே 30-40 கிராம்தான். ஒருநாள் சாப்பிடலைன்னாலும் அந்தச் சின்ன உடம்பு தாங்காது. 'நாளைக்குப் பார்க்கலாம்'னு தள்ளிப் போடாம, அன்னிக்கே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்க. சென்னைவாசிகளுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கு.

''எங்க கிளிதான் நல்லா பேசுமே, வலிச்சா சொல்லாதா?''னு கேட்கலாம். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி வளர்த்த அலெக்ஸ் என்கிற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி, நூற்றுக்கும் மேற்பட்ட வார்த்தைகளைக் கத்துக்கிட்டது. அதுக்கே 1977-லிருந்து 2007-ல் இறக்கும்வரை, முப்பது வருஷப் பயிற்சி. நீங்க சொல்லிக் கொடுத்த 'குட்மார்னிங்'கை வச்சுக்கிட்டு உங்க கிளி 'எனக்கு மூச்சு முட்டுது'னு எப்படிச் சொல்லும்? அதுக்கு இருக்கிறது உடம்பு மட்டும்தான்.

அதனால தினமும் பத்து நிமிஷம் கூண்டுப் பக்கத்துல சும்மா உட்காருங்க. தொட வேண்டாம், கொஞ்ச வேண்டாம், பாருங்க போதும். நல்லா இருக்கும்போது எப்படி இருக்கும்னு தெரிஞ்சாத்தான், மாறும்போது கண்ணுல படும்.

நண்பன் ஒரு ஸ்மைலி போடாம மெசேஜ் அனுப்பினாலே 'என்ன கோபமோ'னு ராத்திரி முழுக்க அர்த்தம் தேடுற ஆளு நீங்க. அந்தக் கொண்டைக்கும் வாலுக்கும் ஒரு பத்து நிமிஷம் ஒதுக்க மாட்டீங்களா என்ன!