பாரசூட் மடிக்கப் போகும் பிள்ளைகளும் அவர்கள் கையில் திணிக்கப்படும் காகிதமும்

ஆலங்குடிக் கடைத்தெருவில் தையல் இயந்திரத்தின் முன்னமர்ந்து பிழைக்கும் குடும்பங்களிலிருந்தும், 2018 நவம்பரில் கஜா புயலில் தென்னந்தோப்பைப் பறிகொடுத்தபின் பிள்ளையையாவது கடல் கடந்து அனுப்பிவிடவேண்டும் என்று கடன்பட்டு நிற்கும் கீரமங்கலம், வடகாட்டுப் பக்கத்துக் குடும்பங்களிலிருந்தும், வாலிபர்கள் சிலர் அண்மைக்காலமாக ஏறக்குறைய ஒரே மாதிரியான காகிதத்தைக் கொண்டுவந்து, "இது சரியானதுதானா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க ஐயா" என்று கேட்கிறார்கள். ஆகாயத்தில் பாரசூட் விரித்து மிதக்கும் மனிதனுடைய வர்ணப் படம். அதன்கீழ், மூன்று மாதப் பயிற்சி, அரசாங்க அங்கீகாரமுள்ள சான்றிதழ், முடித்தவுடன் துபாயில் பாரசூட் மடிக்கும் உத்தியோகம் என்ற வாக்குறுதிகள். இரண்டு வார்த்தை விசாரித்தால், முன்பணம் போன வாரமே கைமாறிவிட்டது என்பது வெளிப்படும். பணத்தைக் கொடுத்தபின் கேட்கும் இக்கேள்வியைக் கொடுப்பதற்கு முன் கேட்டிருந்தால் கடன்காரனுக்கு வட்டி கட்டும் அவசியம் நேர்ந்திராதே என்ற வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

தொழில் பொய்யன்று. ஆகாயத்திலிருந்து குதிப்பவன் முதுகில் சுமப்பது ஒரு பாரசூட் அல்ல, இரண்டு; ஒன்று வழக்கமாக விரிவது, மற்றொன்று அது விரியாதபோது உயிரைக் காப்பது. மெல்லிய நைலான் துணியும், நூற்றுக்கணக்கான முறை எண்ணிப் பார்க்கவேண்டிய தையலும், ஒன்றோடொன்று சிக்காமல் வரிசைப்பட்டுக் கிடக்கவேண்டிய கயிறுகளும், தோளையும் தொடையையும் பிணைக்கும் வார்களும், குறித்த உயரத்தில் குதிப்பவன் கையசைக்காவிட்டாலும் தானே இயங்கிக் காப்புப் பாரசூட்டை விடுவிக்கும் சிறு கருவியும் அடங்கிய அந்தப் பையைப் பரிசோதித்து, பழுது நீக்கி, மடித்து மூடுபவருக்கு ஆங்கில நாடுகளில் ரிக்கர் என்று பெயர். வெயிலும் வியர்வையும் அமிலமும் நைலானைக் கண்ணுக்குத் தெரியாமல் அரிப்பவை. ஆகையால், பார்வைக்குப் புதிதாகத் தோன்றும் துணியையும் சந்தேகித்துத் தொட்டுப் பார்க்கிற சுபாவம் இத்தொழிலுக்கு முதல் தகுதி. நல்ல தையற்காரனுடைய விரலுக்கு அந்தச் சந்தேகம் இயல்பாகவே உண்டு என்பதனால், நம் ஊர்ப் பிள்ளைகள் இதற்கு ஆசைப்படுவதில் பிழையொன்றுமில்லை.

வார் ஒன்று கழன்றால் என்ன நேரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில், வண்டியால் இழுக்கப்பட்டுப் பறக்கும் பாராசெயிலிங் விளையாட்டில் மேலே சென்ற ஒருவர், உடலைப் பிணைத்திருந்த வாரிலிருந்து நழுவி விழுந்து இறந்தார். பாரசூட்டு நன்றாகத்தான் விரிந்திருந்தது.

இனி, காகிதத்தின் விஷயத்துக்கு வருகிறேன். நமது தேசத்தில் பாரசூட் மடிப்பவருக்கென்று சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் வழங்கும் உரிமம் எதுவும் கிடையாது. 1937ஆம் ஆண்டு விமான விதிகளில், எவ்வெவ்வகை உரிமங்கள் வழங்கப்படும் என்பதை வரிசைப்படுத்தும் 38ஆம் விதியைப் படித்துப் பார்த்தால், விமானியும் கிளைடர் ஓட்டுபவரும் பலூன் ஓட்டுபவரும் அதில் இடம்பெறுகிறார்களேயன்றி, பாரசூட் மடிப்பவர் இடம்பெறவில்லை. விமானப் பராமரிப்புப் பொறியாளருக்கான உரிமம் உண்டு. அது வேறு தொழில். ஆகவே, "இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்ற ரிக்கர் சான்றிதழ்" என்று அச்சிட்டு விற்பவன் எதை விற்கிறான் என்பதை வாசகரே தீர்மானிக்கலாம். இல்லாத உரிமத்துக்கு அங்கீகாரம் எங்கிருந்து வரும்? மூன்று மாதம் கழித்து அந்தச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு எந்த வாசலில் நிற்பது? பணம் கொடுக்குமுன் இதைக் கேளுங்கள்.

உண்மையான வாசல்கள் சிலவே. கான்பூரில் 1941ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட படைக்கலப் பாரசூட் தொழிற்சாலை, 2021 அக்டோபர் 1ஆம் தேதி முதல் கிளைடர்ஸ் இந்தியா லிமிடெட் என்னும் பொதுத்துறை நிறுவனத்தின்கீழ் இயங்குகிறது. படைவீரர் குதிக்கும் பாரசூட்டும், தரையிறங்கும் போர்விமானத்தின் வேகத்தைப் பின்னிருந்து இழுத்துத் தணிக்கும் பாரசூட்டும் அங்கே தைக்கப்படுகின்றன. ஆக்ராவில், பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழுள்ள ஏ.டி.ஆர்.டி.இ. என்னும் ஆய்வுக்கூடம் பாரசூட்டுகளை வடிவமைக்கிறது. மனிதனை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் கலம் திரும்பி இறங்குவதற்கான பத்துப் பாரசூட்டுகள் கொண்ட அமைப்பு அதன் உழைப்பில் உருவானதே. 2025 ஆகஸ்டு 24ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டா அருகே ஹெலிகாப்டரிலிருந்து மாதிரிக் கலத்தை விடுவித்து அவ்வமைப்பைச் சோதித்தார்கள். படைவீரருக்குக் குதிக்கக் கற்பிக்கும் விமானப்படைப் பள்ளியும் ஆக்ராவில்தான் இருக்கிறது. விமானப்படையில் சேர விரும்புவோருக்குத் தாம்பரத்தில் ஆள்தேர்வு நிலையம் உண்டு. ஆனால் எந்தப் பிரிவில் வேலை என்பதைச் சேர்ந்தபின் படையே வகுக்கும். "பாரசூட் பிரிவு வாங்கித் தருகிறேன்" என்று சொல்பவனுக்கு அந்த அதிகாரத்தை எவரும் கொடுக்கவில்லை.

இவ்வாசல்களில் தொழிலாளியாக நுழைவதற்கு மதிப்புள்ள காகிதம், அரசு அங்கீகாரமுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் தையல் தொழில்நுட்பப் பிரிவில் ஓராண்டு படித்துத் தேறிப் பெறுகிற தேசியத் தொழிற்சான்றிதழ். அதற்குமேல், 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டப்படி ஏதேனும் ஒரு தொழிற்சாலையில் பழகுநராக இருந்து பெறும் சான்றிதழ் இருந்தால் இன்னும் நன்று. நம் சென்னை ஆவடியிலுள்ள படை உடைத் தொழிற்சாலையும் தையற்காரரைக் கொண்டு நடப்பதே என்பதால், கான்பூர் கிடைக்காவிட்டாலும் படிப்பு வீண்போகாது. பாரசூட் படம் அச்சிட்ட தனியார் காகிதத்துக்கு ஐம்பதாயிரமும் ஒரு லட்சமும் கொட்டிக் கொடுப்பவர்கள், புதுக்கோட்டையில் உள்ள அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தின் வாசலை மிதிக்க வெட்கப்படுவது ஏன் என்பது எனக்கு இன்றளவும் விளங்கவில்லை.

வெளிநாட்டுச் சான்றிதழ்தான் வேண்டும் என்போர், அமெரிக்காவின் முறையை அறிந்துகொள்வது நல்லது. பதினெட்டு வயது நிறைந்திருக்கவேண்டும். ஆங்கிலம் படிக்கவும் பேசவும் எழுதவும் தெரிந்திருக்கவேண்டும். தாம் சான்று கோரும் பாரசூட் வகை ஒவ்வொன்றிலும், ஏற்கெனவே சான்று பெற்ற ஒருவருடைய மேற்பார்வையில் இருபது பாரசூட்டுகளையாவது மடித்திருக்கவேண்டும். எழுத்துத் தேர்வும், தேர்வாளர் முன்னிலையில் வாய்மொழித் தேர்வும் செய்முறைத் தேர்வும் தேறவேண்டும். முதுநிலைச் சான்றுக்கு மூன்றாண்டு அனுபவமும், இரண்டு வகைகளில் வகைக்கு நூறு பாரசூட் மடித்த கணக்கும் கேட்கிறார்கள். மடிக்கும் மேஜையே நாற்பதடி நீளம், மூன்றடி அகலத்துக்குக் குறையக்கூடாது. காப்புப் பாரசூட்டை 180 நாளுக்கொருமுறை சான்று பெற்றவரே பிரித்து, ஆராய்ந்து, மீண்டும் மடித்து, தம் அடையாளமுள்ள முத்திரையிட்டு, தேதியும் கையெழுத்தும் அட்டையில் பதிக்கவேண்டும். மேஜையைக்கூட வைப்பதற்கு இடமில்லாத மாடியறையில், கணினித் திரையில் படம் காட்டி இத்தனையையும் முடித்துத் தருவதாகச் சொல்வதை நம்புகிறவர்கள் இருக்கிறார்களே! தபாலில் வரும் ரிக்கர் சான்றிதழ் என்பது உலகத்தில் கிடையாது. உண்மையான சான்றிதழைப் பெற்றவருக்கும் வேறொரு நாட்டில் உத்தியோகம் பார்க்க அந்நாட்டின் வேலை விசா தனியே வேண்டும்.

வெளிநாட்டு வேலை வாங்கித் தருவதாக ஒருவர் சொன்னால், அவரிடம் முதலில் கேட்கவேண்டியது, 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அவர் பெற்றுள்ள பதிவு எண். அதை அவர் வாயால் சொன்னால் போதாது. மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைகிரேட் இணையதளத்தில் அந்த எண் இருக்கிறதா, அதற்கெதிரே அதே பெயரும் அதே முகவரியும் இருக்கின்றனவா, பதிவு இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வேறொருவருடைய எண்ணைத் தம் விளம்பரத்தில் அச்சிட்டுக்கொள்ளும் துணிச்சலும் ஏமாற்றுவோருக்கு உண்டு. அடுத்து, அயல்நாட்டு முதலாளி இத்தனை ஆள் வேண்டும் என்று அனுப்பிய கோரிக்கைக் கடிதத்தையும், சம்பளமும் வேலையின் பெயரும் எழுதிய ஒப்பந்தத்தையும் கேட்டு வாங்கிப் பிரதி எடுத்துக்கொள்ளவேண்டும். பதிவுபெற்ற முகவர் வசூலிக்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் அதற்குரிய வரியும் மட்டுமே. அதையும் வங்கி மூலமாகக் கொடுத்து ரசீது பெறவேண்டும். சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சைக் கேட்ட அக்கணமே எழுந்து வந்துவிடுங்கள். ஐயம் இருந்தால், சென்னையிலுள்ள குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்துக்கு எழுதலாம். தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் கிண்டியில் இருக்கிறது. 1800 11 3090 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியும் இதற்காகவே ஏற்பட்டது. பணம் கொடுக்குமுன், ஐயா, கொடுக்குமுன்!

கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கத்தால் வீட்டுக்குள் ஒடுங்குவதே ஏமாற்றுவோனுக்கு மூலதனம். கைப்பேசி மூலம் பணம் போயிருந்தால், அந்த மணி நேரத்திலேயே 1930 என்ற எண்ணுக்குச் சொல்லவேண்டும். தாமதிக்கத் தாமதிக்கப் பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவிவிடும். பிறகு, காவல் நிலையத்தில் எழுத்துமூலம் புகார் கொடுக்கவேண்டும். "பணத்தைக் கொடுத்தவன் நீதானே, சமாதானமாகப் பேசி வாங்கிக்கொள்" என்று சொல்லித் திருப்பி அனுப்பும் அதிகாரிகள் இருக்கிறார்கள். மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு ஏழாண்டு வரை தண்டனை விதித்திருப்பதையும், பதிவின்றி வெளிநாட்டுக்கு ஆள் சேர்ப்பதைக் குடிபெயர்வுச் சட்டம் தனிக் குற்றமாக்கியிருப்பதையும் அவர்களுக்கு ஒரு சாமானியன் நினைவூட்டவேண்டியிருப்பது மிகவும் வருந்தத்தக்கது. 2024 ஜூலை 1ஆம் தேதி முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலைப் பெற்றுக்கொள்ள நிலையம் கடமைப்பட்டது. முதல் தகவல் அறிக்கையின் பிரதியை இலவசமாகத் தரவேண்டும். "எங்கள் எல்லை இல்லை" என்ற பதிலை ஏற்காதீர்கள். புகாரைப் பதிய மறுத்தால், அதன் சாரத்தை எழுதி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்ப அதே பிரிவு இடமளிக்கிறது. அதன்பின்னும் பயனில்லையெனில் குற்றவியல் நடுவரிடம் மனுச் செய்யலாம்.

புகாரில் கோபத்தைக் குறைத்துத் தேதியைக் கூட்டுங்கள். எந்த நாளில், எந்த இடத்தில், யாரிடம், எவ்வளவு, எம்முறையில் கொடுக்கப்பட்டது என்பதை நாள்வாரியாக எழுதி, வங்கிக் கணக்கு விவரம், விளம்பரத் துண்டு, குரல் பதிவு, குறுஞ்செய்தி ஆகியவற்றின் பிரதிகளை எண்ணிட்டு இணைத்து, மூலங்களை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மூலத்தை எந்த அலுவலகத்திலும் விட்டுவிட்டு வராதீர்கள். நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான மனு ரசீதை வாங்காமல் படியிறங்காதீர்கள். கண்காணிப்பாளருக்கு அனுப்புவதை விரைவுத்தபாலில் பதிவுசெய்து அனுப்பி, தபால் நிலையம் கொடுக்கும் ரசீதைப் புகாரின் பிரதியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். அந்தச் சிறு காகிதம் இல்லாதவர்களுடைய மனுவைத்தான் நடுவர் முன்னிலையில் முதலில் சந்தேகிக்கிறார்கள்.