உழவு சாலில் உதித்த டெலிவிஷனும் ஊரார் எடுக்கும் படங்களும்

டெலிவிஷன் என்றால் நகரத்துப் பெரிய கட்டிடத்திலிருந்து யாரோ அனுப்புவது, கிராமத்தில் இருப்பவர் உட்கார்ந்து பார்ப்பது என்றே பலரும் எண்ணியிருக்கின்றனர். ஆனால், பார்க்கிறவரே காமிராவைக் கையில் எடுத்து, தம் ஊர் விஷயத்தைப் படமாக்கி, தம் ஊர்ச் சேனலிலேயே காட்டும் ஏற்பாடு அமெரிக்காவில் 1970-களிலிருந்து இருந்து வருகிறது. இதற்குச் சம்பளம் கிடையாது. விவசாயி, பள்ளி ஆசிரியர், கடைக்காரர், ஓய்வு பெற்றவர் என்று பலதரப்பட்டவர்கள் இப்படிப் படம் எடுக்கின்றனர். இவர்களுக்கென்று அங்கே வட்டாரப் போட்டிகளும் உண்டு.

அத்தகைய போட்டிகளில் ஒன்று இண்டியானா, ஒஹையோ, மிச்சிகன் உள்ளிட்ட நடுப்பகுதி மாநிலங்களின் சமூக டெலிவிஷன்காரர்களுக்காக ஏற்படுத்தப்பட்டதாகும். ஃபைலோ ஃபார்ன்ஸ்வர்த் என்பவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். அவர் யார் என்று தெரிந்துகொண்டால் அந்தப் போட்டியின் நோக்கமும் விளங்கும். அவர் ஏர் ஓட்டிய கையோடு டெலிவிஷனுக்கு வழி கண்டவர்.

சாலுக்குச் சால்

ஃபார்ன்ஸ்வர்த் 1906-ஆம் ஆண்டு ஆகஸ்டு 19-ந் தேதி யூட்டா மாநிலத்தில் பிறந்தார். பின்னர் அவருடைய குடும்பம் ஐடஹோ மாநிலத்தில் ரிக்பி என்ற ஊருக்கு அருகே குடியேறி விவசாயம் செய்தது. 1921-இல், பதினான்கு வயதில், அவர் குதிரை பூட்டி உருளைக்கிழங்கு நிலத்தை உழுதுகொண்டிருந்தாராம். ஒரு சால் முடிந்ததும் திரும்பி அதன் பக்கத்திலேயே அடுத்த சால். இப்படிச் சால் சாலாக ஓட்டி முழு நிலத்தையும் உழுது முடிப்பதுபோல, ஒரு படத்தையும் வரி வரியாகப் பிரித்து மின்சாரத்தால் அனுப்பி, மறுமுனையில் அதே வரிசையில் அடுக்கினால் முழுப் படமும் தெரியுமே என்ற யோசனை அப்போது அவருக்கு உதித்தது என்று சொல்லப்படுகிறது.

மறு ஆண்டு பள்ளிக்கூடத்தில் தமது ரசாயன ஆசிரியரிடம் இதைக் கரும்பலகையில் வரைந்து விளக்கினார். பிறகு 1927-ஆம் ஆண்டு ஜனவரி 7-ந் தேதி காப்புரிமைக்கு விண்ணப்பம் கொடுத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 7-ந் தேதி ஸான்ஃபிரான்ஸிஸ்கோ நகரில், ஒரு நேர்கோட்டின் படத்தை அடுத்த அறையிலிருந்த கண்ணாடித் திரையில் தெரியச் செய்தார். சுழலும் தட்டு போன்ற இயந்திர உறுப்பு எதுவும் இல்லாமல் முழுவதும் மின்னணு முறையில் இது நடந்தது. அப்போது அவருக்கு வயது 21.

சின்னவரும் பெரிய கம்பெனியும்

1930-இல் காப்புரிமை கைக்கு வந்தது. ஆனால் அக்காலத்தில் ரேடியோத் தொழிலில் கொடிகட்டிப் பறந்த ஆர்.சி.ஏ. கம்பெனி, தன்னிடம் பணியாற்றிய விஞ்ஞானி ஸ்வொரிகின் என்பவரே இதில் முந்தியவர் என்று வழக்காடியது. அவர் 1923-இலேயே ஒரு விண்ணப்பம் கொடுத்திருந்தார். ஃபார்ன்ஸ்வர்த்தின் பழைய பள்ளி ஆசிரியர் வந்து சாட்சி சொன்னார். மாணவன் தன்னிடம் விளக்கியது இன்னது என்று வரைபடம் மூலம் எடுத்துக் காட்டினார். 1930-களின் நடுவில் காப்புரிமை அலுவலகம் ஃபார்ன்ஸ்வர்த்துக்குச் சாதகமாக முடிவு செய்தது. கடைசியில் 1939-இல் அந்தப் பெரிய கம்பெனியே அவருக்கு உரிமத்தொகை கொடுக்க ஒப்புக்கொண்டது.

இருப்பினும் அவர் பெரும் பணக்காரர் ஆகவில்லை. உலக யுத்தத்தை முன்னிட்டு 1942-இல் அமெரிக்காவில் டெலிவிஷன் பெட்டி உற்பத்தி நிறுத்தப்பட்டது. யுத்தம் முடிந்து வியாபாரம் சூடு பிடிப்பதற்குள் அவருடைய முக்கியமான காப்புரிமைகளின் காலமே தீர்ந்துவிட்டது. இண்டியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரில் இருந்த அவருடைய கம்பெனியும் 1949-இல் கைமாறியது. 1971-இல் அவர் காலமானார். யார் கண்டுபிடித்தது என்ற கேள்விக்கு மட்டும் பதில் அழியாமல் நின்றது. எழுத்திலும் சாட்சியிலும் அது பதிவாகியிருந்ததே காரணம்.

ஊர்ச் சேனல் வந்த கதை

ஊரார் கையில் காமிராவைக் கொடுக்கும் எண்ணத்துக்கு அடிப்படை போட்டது கனடா நாட்டின் ஃபோகோ என்ற மீனவர் தீவு ஆகும். அங்கிருந்த குடும்பங்களைத் தீவைவிட்டு வேறிடத்தில் குடியேற்றும் பேச்சு அடிபட்ட காலம் அது. 1967-இல் கனடா தேசியத் திரைப்பட வாரியத்தைச் சேர்ந்த காலின் லோ அங்கு போய், மீனவர்கள் தம் கஷ்டங்களைத் தாமே பேசும் சிறு படங்களை எடுத்தார். ஒரு குப்பத்தார் பேசியதை அடுத்த குப்பத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். எல்லோருக்கும் குறை ஒன்றுதான் என்பது அப்போதுதான் அவர்களுக்கே விளங்கிற்று. பிறகு அதே படங்களை அரசாங்கத்தாருக்கும் காட்டினார்கள். மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. தீவும் காலியாகவில்லை.

இந்தத் திட்டத்தைச் சில காலம் தலைமையேற்று நடத்திய ஜார்ஜ் ஸ்டோனி என்பவர் அமெரிக்கா திரும்பி, 1971-இல் ரெட் பர்ன்ஸ் என்ற அம்மையாருடன் சேர்ந்து நியூயார்க்கில் ஒரு பயிற்சி மையம் தொடங்கினார். அதே ஆண்டு அந்நகரத்துக் கேபிளில் பொதுமக்களுக்கென்று சேனல்கள் ஒதுக்கப்பட்டன. 1972-இல் பெரிய நகரங்களின் கேபிள் கம்பெனிகள் இவ்வாறு சேனல் ஒதுக்க வேண்டும் என்று விதி வந்தது. 1979-இல் உச்ச நீதிமன்றம் அந்த விதி செல்லாது என்றது. 1984-இல் சட்டம் இயற்றப்பட்டு, உரிமம் கொடுக்கும் ஊர் நிர்வாகமே சேனல் கேட்டுப் பெறலாம் என்று ஆயிற்று.

தெருவில் கம்பி இழுப்பதற்கு ஈடாக, கேபிள் வருமானத்தில் 5 சதவீதம் வரை ஊர் நிர்வாகம் கட்டணம் வாங்கலாம். அதில் ஒரு பகுதியைப் பல ஊர்கள் ஸ்டுடியோவுக்கும் காமிராவுக்கும் பயிற்சிக்கும் செலவிடுகின்றன. பயிற்சி முடித்தவருக்கு காமிரா இரவல் கிடைக்கும். எடுத்த படம் ஊர்ச் சேனலில் ஓடும்.

போட்டிக்கு அனுப்புவது எதற்கு?

சொந்த ஊரில் ஓடும் படத்தை யாரும் குறை சொல்வதில்லை. படத்தில் வருபவர் அத்தையாகவோ மாமாவாகவோ இருப்பார். இடம் தெரியும், ஆள் தெரியும். ஆகவே விட்டுப்போன விஷயத்தையும் பார்க்கிறவரே நிரப்பிக்கொள்வார். போட்டியில் அந்தச் சலுகை இல்லை. நடுவருக்கு ஊரும் தெரியாது, ஆளும் தெரியாது. திரையில் இருப்பது மட்டுமே கணக்கு. தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லப் பழகுவதே போட்டியால் கிடைக்கும் முதல் லாபம் ஆகும். கேடயம் அதற்குப் பிறகுதான்.

இரண்டாவது லாபம் பதிவு. யார் எடுத்தது, எந்த ஊர், எந்த ஆண்டு என்று வெளியார் கையிலும் ஒரு சான்று இருந்துவிடுகிறது. ஃபார்ன்ஸ்வர்த் கதையை அறிந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லாமலே தெரியும்.

இத்தகைய போட்டிகளில் வழக்கமாகச் சம்பளத்துக்குப் படம் எடுப்பவர் ஒரு பிரிவு, தொண்டாக எடுப்பவர் ஒரு பிரிவு, மாணவர் ஒரு பிரிவு என்று தனித்தனியே வைத்துப் பார்க்கின்றனர். ஊர்ச் செய்தி, கல்வி, விளையாட்டு, இசை, வாழ்க்கை வரலாறு என்று பொருள்வாரியாகவும் பிரிவுகள் இருக்கும். எந்தப் பிரிவில் சேர்ப்பது என்பதை நிதானமாக யோசிக்க வேண்டும். நெல்லைக் கொண்டுபோய்ச் சிறுதானியக் கண்காட்சியில் வைத்தால் எவ்வளவு நல்ல நெல்லானாலும் பரிசு வராது.

கவனிக்க வேண்டியவை

நிறையப் படங்கள் தோற்பது கதையில் குறை இருப்பதால் அல்ல. சாதாரணக் காரியங்களைக் கவனியாததால்தான்.

ஒலி முக்கியம்: படம் சற்று மங்கினாலும் பார்ப்பார்கள், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார்கள். மைக் பேசுகிறவருக்கு அருகில் இருக்க வேண்டும். வயல்வெளியில் காற்று மைக்கில் மோதி இரைச்சல் எழுப்பும். அதற்குப் பஞ்சுறை போட வேண்டும். மோட்டார் ஓடும் இடத்தில் பேட்டி எடுப்பது கூடாது.

வெளிச்சம்: காலை வெயிலும் மாலை வெயிலும் நல்லது. உச்சி வெயிலில் தலைப்பாகையின் நிழல் முகத்தை மறைக்கும்.

நிதானம்: காமிராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு காட்சியைப் பத்து விநாடியாவது அசைக்காமல் எடுக்க வேண்டும். பேசும் முகத்தை மட்டும் காட்டாமல், வேலை செய்யும் கைகளையும் காட்ட வேண்டும்.

ஒரு படத்துக்கு ஒரு விஷயம்: விதை நேர்த்தி என்றால் விதை நேர்த்தி மட்டுமே. உரம், பூச்சி, சந்தை என்று எல்லாவற்றையும் சேர்த்தால் எதுவும் மனத்தில் நிற்காது.

பருவம்: அறுவடை நாளில் காமிராவை எடுப்பவருக்குப் பாதிக் கதைதான் கிடைக்கும். தரிசாகக் கிடந்த நிலத்தைப் பிறகு எங்கே போய் எடுப்பது? நிலத்தைப் பற்றிய படத்துக்கு விதைப்புக்கு முன்பே ஆரம்பித்துவிட வேண்டும்.

உரிமை: சினிமாப் பாட்டைப் பின்னணியில் சேர்த்தால் அனுமதி இல்லாத காரணத்தால் படம் தள்ளப்படலாம். ஊர்க் கலைஞரின் இசையை, அவருடைய சம்மதத்துடன் சேர்ப்பது நலம். படத்தில் வருகிறவர்களிடமும் சம்மதம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். போட்டி விதிகளில், அனுப்பும் படத்தின் உரிமை யாரிடம் இருக்கும் என்ற பகுதியைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது கூடாது. படத்தின் அசலைத் தம்மிடம் வைத்துக்கொண்டு பிரதியைத்தான் அனுப்ப வேண்டும்.

அனுப்புமுன் படத்தை வேற்றூர்க்காரர் ஒருவருக்குப் போட்டுக் காட்டி, என்ன புரிந்தது என்று கேட்பது நல்லது. அவர் சொல்வதும் எடுத்தவர் நினைத்ததும் ஒன்றாக இருந்தால் படம் தயார். இல்லையேல் மறுபடியும் கத்தரிக்க வேண்டும்.

வற்றும் வாய்க்கால்

இவ்வளவு இருந்தும் ஊர்ச் சேனல்களின் நிலை இன்று செழிப்பாக இல்லை. 2006-இல் இண்டியானாவும் மிச்சிகனும், 2007-இல் ஒஹையோவும் கேபிள் உரிம விதிகளை மாநிலம் முழுவதற்கும் ஒரே மாதிரி ஆக்கின. கம்பெனியோடு தனித்தனியே பேரம் பேசும் பலம் ஊர்களுக்குக் குறைந்தது. அதன்பின் பல ஊர்களில் ஸ்டுடியோக்கள் மூடப்பட்டன. மேலும் மக்கள் கேபிளை விட்டு இணையத்தில் படம் பார்க்கப் போய்விட்டதால் கேபிள் வருமானமும், அதிலிருந்து வரும் கட்டணமும் சரிந்து வருகின்றன. வாய்க்காலில் தண்ணீர் குறைந்தால் கடைமடைதான் முதலில் காயும். ஊர்ச் சேனலின் நிலையும் அதுவே. ஆண்டுதோறும் மற்ற ஊர்ப் படங்களோடு நின்று மதிப்புப் பெற்ற சேனலுக்கு, நிதி ஒதுக்கும் சபையில் எடுத்துக்காட்ட ஏதேனும் இருக்கும்.

நம் நாட்டு அனுபவம்

நம் நாட்டிலும் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. இப்போது தெலங்கானாவில் உள்ள ஜஹீராபாத் பகுதியில், தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த சிறு விவசாயப் பெண்கள் வீடியோ எடுக்கப் பயின்றனர். இவர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. வாரங்கல் பகுதியில் பி.டி. பருத்தி பயிரிட்டவர்கள் ஏன் கொதித்துப்போனார்கள் என்பதை 2003-இல் இவர்கள் படமாக்கினர். அது வெளிநாடுகளிலும் காட்டப்பட்டது.

கர்நாடகத்தில் 2006-இல் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் திட்டத்தில், அந்தந்த ஊர் விவசாயிகளை வைத்தே அவர்கள் பேச்சு வழக்கிலேயே சிறு படங்கள் எடுத்துக் கிராமங்களில் காட்டினர். படத்தைப் பார்த்தவர்கள் முதலில் கேட்டது, பேசுகிற விவசாயியின் பெயர் என்ன, எந்த ஊர் என்பதுதான். தம்மைப்போன்ற ஒருவர் சொன்னால்தான் நம்பிக்கை பிறக்கிறது.

இன்று பல வீடுகளில் காமிரா உள்ள செல்பேசி இருக்கிறது. நாட்டு விதையைக் காப்பாற்றி வருபவர், ஏரி மதகைக் கூட்டாகச் சரி செய்த ஊரார், புதிய முறையில் நாற்று நட்டவர் ஆகியோர் தம் வேலையை இந்தப் பருவத்திலேயே படம் பிடித்து, தேதியும் ஊர்ப் பெயரும் குறித்துப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும். வேளாண்மைக் கல்லூரியோ, கூட்டுறவுச் சங்கமோ, திரைப்படக் கழகமோ போட்டி அறிவிக்கும்போது விதைப்பு முடிந்து போயிருக்கக்கூடும். அன்றைக்கு எடுத்து வைத்தது கையில் இருந்தால்தான் அனுப்ப முடியும்.