நிலவேம்புக் கஷாயமும் டிங்கிக் காய்ச்சலும்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ நாட்டு மருந்து விற்கும் கடையில் நிலவேம்பு என்று கேட்டுப் பாருங்கள். காய்ந்த தழையாகவோ பொடியாகவோ கிடைக்கும். மலாய்க்காரர்கள் இதே செடியை ‘ஹெம்பெடு பூமி’ என்கிறார்கள். பூமியின் பித்தம் என்று பொருள். ஒரு வாய் குடித்தவர்களுக்கு இரண்டு பெயரும் பொருத்தம் என்று தெரியும்.

பெயரில் வேம்பு இருந்தாலும் இது வேப்பமரத்துக்கு உறவில்லை. தரையை ஒட்டி வளரும் சிறு செடி. அறிவியல் பெயர் ஆண்ட்ரோகிராஃபிஸ் பனிகுலேட்டா. இதன் கசப்புக்கு முக்கியக் காரணம் ஆண்ட்ரோகிராஃபோலைடு என்ற சேர்மம். கசப்பை அறிய நமக்கு ஏறத்தாழ 25 வகை ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இந்தச் சேர்மம் தூண்டுகிறது. நானும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடிப்பேன். பெரிய பயன் இல்லை. கசப்பை அறிவது நாக்கு, மூக்கு அல்ல.

சித்த மருத்துவத்தில் காய்ச்சலுக்குத் தரும் நிலவேம்புக் குடிநீரில் வெட்டிவேர், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு உள்பட 9 சரக்குகள் சேரும். தமிழ்நாட்டில் டிங்கி பரவியபோது அரசு மருத்துவமனைகளிலேயே இதை வழங்கினார்கள். அதனால்தான் இங்கும், வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் பாட்டிமார் உடனே அடுப்பில் தண்ணீர் வைக்கிறார்கள்.

சாதாரணச் சளி, தொண்டைவலியை நிலவேம்பு தணிக்கிறது என்பதற்கு மனிதர்களிடம் நடத்திய சோதனைகளில் ஓரளவு ஆதாரம் உண்டு. டிங்கி வேறு கதை. ஆய்வகத்தில், கண்ணாடித் தட்டில் வளர்த்த உயிரணுக்களில் ஆண்ட்ரோகிராஃபோலைடு டிங்கிக் கிருமியைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. கண்ணாடித் தட்டு மனித உடலாகாது. நோயாளியை அது குணமாக்கும் என்பது நிரூபிக்கப்படவில்லை.

இங்கேதான் கவனம் வேண்டும். டிங்கிக் காய்ச்சல் கஷாயம் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் 3 முதல் 7 நாளுக்குள் தானே இறங்கும். ‘கஷாயம் வேலை செய்துவிட்டது’ என்று வீடே நிம்மதி அடையும். ஆனால், டிங்கியின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் அப்போதுதான் தொடங்குகிறது. அடுத்த 24 முதல் 48 மணி நேரத்தில் இரத்த நாளங்களிலிருந்து திரவம் கசியலாம். இரத்த அழுத்தம் சரியலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மிகுந்த சோர்வு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இன்னொன்று. இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதை ஆண்ட்ரோகிராஃபோலைடு தடுப்பதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. டிங்கியில் அந்தத் தட்டணுக்கள்தாம் குறைகின்றன! இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடும் தாத்தாவும், இனிப்புநீர் அல்லது இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களும், கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது.

பாக்கெட்டில் ‘எம்ஏஎல்’ என்று தொடங்கி ‘டி’ என்று முடியும் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். பாரம்பரிய மருந்தாகச் சுகாதார அமைச்சில் பதிவானது என்பதற்கு அது அடையாளம். டிங்கியைத் தீர்க்கும் என்பதற்கல்ல.

வீட்டில் யாருக்காவது காய்ச்சல் கண்டால், தொடங்கிய நாளையும் குடித்த கஷாயத்தையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். கிளினிக்கில் அந்தத் தாளை மருத்துவரிடம் காட்டுங்கள்.