உப்புக் காற்றும் டீசல் காரும்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்துவிட்டதை ஊர்ப்பலகை சொல்ல வேண்டியதில்லை. சாலையை ஒட்டிப் பாத்தி பாத்தியாக உப்பளங்கள் விரிந்து கிடக்கும். வரப்புகளில் உப்பு அம்பாரமாகக் குவிந்திருக்கும். வெயில் காலம் முழுக்க இங்கே உப்பு விளைகிறது. அதில் ஒரு துளிப் பங்கு காற்றோடு கலந்து, இந்தப் பக்கம் ஓடுகிற ஒவ்வொரு வண்டியின் அடிவயிற்றிலும் போய் ஒட்டிக்கொள்கிறது.

உப்பு துருப்பிடிக்க வைக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். கடலோரத்தில் ஏன் வெயில் நாளில்கூடத் துரு ஓய்வதில்லை என்பதுதான் சுவாரசியமான செய்தி. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டும்போதுதான் நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். கடல்நீரில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு அவ்வளவு ஈரம் தேவையில்லை. 33 சதவீதமே போதும். உப்பளத்தில் நீர், அடர்த்தியைக் குறிக்கும் பாமே அளவில் சுமார் 25-க்கு அடர்ந்ததும் உப்பு படியும். உப்பை வாரிய பிறகு எஞ்சும் கசப்பு நீரில் இந்த மெக்னீசியம்தான் மிகுந்திருக்கும். கடலிலிருந்தும் அளத்திலிருந்தும் கிளம்பும் தூவலில் இவை இரண்டுமே உண்டு. அதனால் காரின் அடியில் படிந்த உப்பு, ஊரே காய்ந்து கிடக்கும் பிற்பகலிலும் ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்றுகொண்டிருக்கும்.

டீசல் காருக்கு இது பெயின்ட் பிரச்சினையோடு முடிவதில்லை. டேங்க்கிலிருந்து இன்ஜின் வரை எரிபொருள் வருகிற வழி முழுக்கக் காரின் அடிப்பக்கமாகத்தான் போகிறது.

அந்த வழி ஏன் அவ்வளவு முக்கியம் என்பது டீசல் இன்ஜின் ஓடும் விதத்தைப் பார்த்தால் புரியும். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பொறி வைத்துக் கொளுத்துகிறது. டீசல் இன்ஜினில் அந்த வேலைக்கு ஆள் கிடையாது. காற்றை 16 மடங்கு, 18 மடங்கு என அழுத்தினால் அது தானாகவே கொதிக்கும்; அந்தக் கணத்தில் டீசலைப் பனிப்புகை போலச் சீறவிட்டால் தீப்பிடிக்கும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் இதைச் செய்து காட்டினார். ஆனால் டீசலை உள்ளே தூவ அவருக்குப் பெரிய காற்றழுத்தி தேவைப்பட்டது. 1927-ல் போஷ் நிறுவனம் கைக்கடக்கமான ஊசிப் பம்ப்பை வரிசை உற்பத்திக்குக் கொண்டுவந்த பிறகே இந்த இன்ஜின் லாரிக்கும் பிறகு காருக்கும் பரவலாக வர முடிந்தது. டீசல் இன்ஜினின் உயிர் எரிபொருளை அளந்து, நேரம் பார்த்து, அழுத்தத்தோடு கொடுப்பதில் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் இன்ஜின் முரண்டு பிடிக்கும்.

டீசல் அம்பாசடரும், 1998-ல் வந்த டாடா இண்டிகாவும் முழுக்க இயந்திரப் பம்ப்பை நம்பியவை. அவற்றில் டீசலைத் தூவும் நாசில் திறக்க 150 பார் அழுத்தமே பெரிது. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காமன் ரெயில் முறையோடு வந்தது. 2002-ல் ஹூண்டாய் அக்சென்ட் அதை நம் ஊருக்குக் கொண்டுவந்தது. இந்த முறையில் ‘ரெயில்’ எனப்படும் ஒரு தடித்த குழாயில் டீசல் எப்போதும் அழுத்தத்தோடு காத்திருக்கும். கணினி சொல்லும் கணத்தில், டீசலைத் தூவும் இன்ஜெக்டர் திறக்கும். இன்றைய கார்களில் அந்த அழுத்தம் 1,600 பாரைத் தாண்டுவது சாதாரணம். கார் டயருக்குள் இருப்பது இரண்டு பாருக்குச் சற்று மேல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் முரட்டுத்தனம் விளங்கும்.

எல்லோருடைய கண்ணும் இந்த உயர் அழுத்தப் பக்கத்தின் மேலேயே போகிறது. இழுவை இல்லை, காலையில் செல்ஃப் நெடுநேரம் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது, மேம்பாலம் ஏறும்போது பொசுக்கென்று வேகம் விழுகிறது என்று வண்டி வந்தால், ஸ்கேனர் பல சமயம் பி0087 என்ற குறியைக் காட்டும். ரெயிலில் அழுத்தம் போதவில்லை என்பது அதன் பொருள். உடனே பம்ப் போய்விட்டது, இன்ஜெக்டர் போய்விட்டது என்ற தீர்ப்பு வந்துவிடுகிறது. பல ஆயிரங்களில் பில் போட வைக்கும் தீர்ப்பு. குறி சொல்வதோ அழுத்தம் இல்லை என்பதை மட்டும்தான். யாரால் இல்லை என்று அது சொல்வதில்லை. பம்ப்புக்கு வந்து சேர வேண்டிய டீசலே வராவிட்டால் பம்ப் எதை அழுத்தும்?

ஆகவே தேடலை டேங்க்கிலிருந்து தொடங்குவதே முறை. முதலில் மூடி. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வர வேண்டும். காற்றுவழி அடைத்துக்கொண்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உருவாகி, பம்ப் இழுத்தாலும் டீசல் வராது. வண்டி திணறும் நேரத்தில் நிறுத்தி மூடியைத் திறந்தால் உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்வதும், பிறகு வண்டி சிறிது தூரம் ஒழுங்காக ஓடுவதும் இதற்கு அடையாளம். காசில்லாத பரிசோதனை இது.

அடுத்து குழாய். சில கார்களில் டேங்க்குக்குள்ளேயே மின்பம்ப் இருந்து டீசலை முன்னே தள்ளும். அத்தகைய வண்டியில் குழாய் ஓட்டையானால் டீசல் வெளியே கசியும். ஈரமும் வாசனையும் காட்டிக்கொடுத்துவிடும். வேறு பல கார்களில் இன்ஜின் பக்கத்துப் பம்ப்பே டீசலை உறிஞ்சி எடுக்கிறது. இளநீர் குடிக்கிற உறிஞ்சுகுழலில் ஊசித்துளை விழுந்தால் இளநீர் வெளியே சிந்தாது, காற்றுத்தான் உள்ளே வரும். இங்கும் அதேதான். தரையில் ஒரு சொட்டு இருக்காது; ஆனால் டீசலோடு காற்றும் சேர்ந்து போகும். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘ஏர் பிடித்துவிட்டது’ என்கிறார்கள். இரவெல்லாம் நின்ற வண்டியில் அந்தத் துளை வழியே காற்று ஏறி, டீசல் டேங்க்குக்கே திரும்பி இறங்கிவிடும். காலையில் மட்டும் ஸ்டார்ட்டிங் தொல்லை, பிறகு நாளெல்லாம் சரி என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும்.

கடலோர வண்டிகளில் அந்தத் துளையை எங்கே தேடுவது? எஃகுக் குழாயைச் சேஸிஸோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளுக்கு அடியில். வெளியே தெரிகிற குழாய் கறுப்பாக, நன்றாகவே இருக்கும். கிளிப்பை மெல்ல விலக்கினால் உள்ளே உப்புச் சேறு நசநசவென்று ஒட்டியிருக்கும். விரலால் துடைத்தால் துரு உமியாக உதிரும். அதன் நடுவில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு குழி. மழைநீரும் வாட்டர் சர்வீஸும் எட்டாத இடம் என்பதால் உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஃபில்டர் பொருத்திய தகடு, டேங்க்கைத் தாங்கும் பட்டை, ரப்பர் குழாயை இறுக்கும் கிளாம்ப் ஆகியவற்றுக்கும் இதே கதைதான். ரெயில் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினால் செம்பு முனைகளில் பச்சைப் பூச்சு தெரியக்கூடும். அழுத்தம் சரியாக இருந்தும் கணினிக்குத் தப்பான கணக்குப் போவது இதனால்தான்.

காற்று நுழைகிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் இடையில் டீசலைத் தாங்கும் கண்ணாடிபோன்ற குழாயைத் தற்காலிகமாக மாட்டி இன்ஜினை ஓட விட்டால், குமிழி ஓடுவது தெரியும். இதைவிட உறுதியான வழி கேன் சோதனை. டேங்க்கை விட்டுவிட்டு, சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து நேரடியாகப் பம்ப்புக்குக் குழாய் கொடுப்பது. வண்டி உடனே சரியாக ஓடினால் பம்ப்பும் இன்ஜெக்டரும் தப்பித்தன; குற்றவாளி பின்னால், டேங்க்கிலோ டேங்க்குக்கும் பம்ப்புக்கும் இடையிலோ இருக்கிறது. கால் மணி நேர வேலை, அதுவும் பெருஞ்செலவொன்றைத் தடுக்கிற வேலை. இதைச் செய்யாமல் பம்ப்பைக் கழற்றுவது நியாயமில்லை.

பிறகு தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, மரக்காணம் உப்பளங்கள் மூழ்கின. விழுப்புரம் மாவட்டத்தின் மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட வெள்ளத்தில் நின்ற வண்டிகளின் டேங்க்குக்குள் காற்றுவழி மூலமாகத் தண்ணீர் போவது நடக்கக்கூடியதே. வெள்ளம் வராவிட்டாலும் பாதி காலியான டேங்க்கில் இரவு ஈரம் சுவரில் வியர்த்து இறங்கும். டீசல் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் சுமார் 830 கிராம்தான். எனவே தண்ணீர் அடியில் படியும். ஃபில்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்திக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, பத்து நிமிடம் அசையாமல் வைத்தால் இரண்டும் கோடு போட்டதுபோல் பிரிந்து நிற்கும்.

தண்ணீரும் டீசலும் சந்திக்கிற அந்தக் கோட்டில் உயிர்களும் வளரும். டீசலைத் தின்று வாழும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அங்கே குடியேறி, வழவழப்பான கறுப்புப் படலத்தை உண்டாக்குகின்றன. ஃபில்டர் மாற்றிய சில வாரத்தில் மறுபடி அடைத்துக்கொள்கிற வண்டிகளில் இதுவும் காரணமாக இருக்கலாம். டேங்க்கை இறக்கிக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இவ்வளவும் பார்த்துத் தேறிய பிறகே உயர் அழுத்தப் பக்கம் வர வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது பல கார்களில் ரெயில் அழுத்தம் ஏறக்குறைய 200 பாரை எட்டினால்தான் கணினி இன்ஜெக்டரைத் திறக்கவே அனுமதிக்கும். எட்டவில்லை என்றால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் ரிட்டன் குழாயையும் தனித்தனிப் பாட்டிலில் விட்டு, எது அதிகமாகத் திருப்பி அனுப்புகிறது என்று பார்க்கலாம். ஒரு பாட்டில் மட்டும் மளமளவென்று நிறைந்தால் அந்த இன்ஜெக்டர் உள்ளுக்குள் கசிகிறது. நான்கையும் மாற்ற வேண்டாம், பழுதானதைக் கழற்றிச் சோதனை மேடையில் வைத்துப் பார்த்தால் போதும்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைக் கண்டிப்பாகக் கைவிட வேண்டும். பழைய இன்ஜினில், ஓடிக்கொண்டிருக்கும்போதே நாசில் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிப்பார்கள். காமன் ரெயிலில் அதைச் செய்தால் உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சு தோலைத் துளைத்து டீசலை உள்ளே செலுத்திவிடும். வெளியே கொசு கடித்த அளவுக்குத்தான் காயம் தெரியும். உள்ளே தசை அழுகும். விரலையோ கையையோ இழந்தவர்கள் உண்டு. கசிவைக் கையால் தடவித் தேடக் கூடாது. அப்படிக் காயம் பட்டால் வலி இல்லாவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குப் போய், அழுத்தத்தில் டீசல் ஏறியது என்று சொல்ல வேண்டும்.

பழுது பார்ப்பதில் நுணுக்கம் சிறியவற்றில் இருக்கிறது. கழற்றிய செம்பு வாஷரை மறுபடி போடக் கூடாது; ஒருமுறை நசுங்கியது இரண்டாம் முறை அடைக்காது. துருப்பிடித்த குழாயின் நடுவே வெட்டி ரப்பர் துண்டு சொருகுவது ஊர் போய்ச் சேர மட்டும்தான். முழு நீளத்தையும் மாற்றிவிடுவதே சரி. புது ஃபில்டர் போட்டதும் கைப்பம்ப்பை அது கெட்டியாகும் வரை அழுத்தி ஏர் எடுக்க வேண்டும். ஏர் எடுக்காமல் நெடுநேரம் செல்ஃப் அடித்தால் பம்ப் காய்ந்து ஓடும். அதற்கு மசகும் டீசலேதான்.

கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அறுத்துத் தாளை விரித்துப் பார்க்க வேண்டும். பழுப்புத் தூள் இருந்தால் டேங்க்கோ குழாயோ துருப்பிடிக்கிறது. கறுப்பு வழவழப்பு என்றால் பூஞ்சை. வெயிலில் காட்டும்போது வெள்ளி மினுமினுப்புத் தெரிந்தால், உயர் அழுத்தப் பம்ப் தன்னைத்தானே அரைத்து அந்தப் பொடியை ரிட்டன் வழியாக டேங்க்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறது. அப்போது பம்ப்பை மட்டும் மாற்றினால் மீதமிருக்கும் பொடி புதுப் பம்ப்பையும் இன்ஜெக்டர்களையும் கெடுத்துவிடும். ரெயில், குழாய்கள், இன்ஜெக்டர்கள், டேங்க் என்று எல்லாவற்றையும் கழற்றிச் சுத்தம் செய்தோ மாற்றியோதான் அந்த வண்டியை மீண்டும் சாலையில் இறக்க முடியும்.